கதவிடுக்கில் ஒரு சப்பாத்து

பாடுவதற்கு முன்னால் அவள் இடது காற்சப்பாத்தைக் கழற்றுவாள். கழற்றி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகிவிடுவாள். கதவு ஒரு சாண் திறந்தபடி நிற்கும். பிறகு ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி நொண்டிப் போய் மைக்குக்கு முன்னால் நின்று, போனை எடுத்துப் பாட்டுத் தாள் வைக்கிற தாங்கியில் திரை தெரிய வைப்பாள். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பாள். இந்த ஒழுங்கு ஒரு நாளும் மாறினதில்லை. ஒரே ஒரு நாள் மாறியது. அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என்னைப் பற்றி எழுதலாம், அதில் எனக்குக் கூச்சமில்லை. வெளிச்சத்தம் உள்ளே வராத, உள்சத்தம் வெளியே போகாத அறை கட்டுவது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மனியில் ஒரு கிழவனிடம் பலகை தூக்கித் தூக்கியே வேலை பழகினேன். லண்டனுக்கு வந்தபோது என்னிடம் ஒரு சுத்தியலும் ஒரு துளைபோடும் மெஷினும்தான் இருந்தன. இன்றைக்கு இந்த ஊரில் பட்டம் பெற்ற எஞ்சினியர்மார் கம்ப்யூட்டரில் படம் கீறி, கணக்குப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, சத்தம் எங்கே ஒழுகுகிறது என்று கேட்கிறார்கள். நான் விரலை மடக்கி, முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டு போவேன். ஓர் இடத்தில் நிற்பேன். "இஞ்சை உடையுங்கோ" என்பேன். உடைத்துப் பார்த்தால் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தெரியாது என்ற சொல்லை வேலைத்தலத்தில் என் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. படித்தவன் தெரியாது என்றால் அடக்கம் என்பார்கள். படிக்காதவன் சொன்னால் அடுத்த நாள் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான். இதை நான் முதல் மாதத்திலேயே விளங்கிக்கொண்டேன்.

அவளை முதலில் கண்டது பிளேஸ்டோவில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று கவுன்சிலுக்கு எழுதிவிட்டார், சுவரை வந்து பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். படியேறும்போதே குரல் கேட்டது. ஆங்கிலப் பாட்டு. சோல் என்று சொல்வார்களே, கறுப்பின மக்கள் வேதக் கோயிலில் பாடிப் பாடி வளர்த்தது. அவசரமில்லாமல், நெஞ்சுக்குள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிற பாட்டு. ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு கறுப்பினக் கிழவர். பாடுவதும் அந்த இனத்துப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கதவடிக்குப் போனால், சப்பாத்து! தடக்கி விழப் பார்த்தேன்.

"மெல்ல, அண்ணை" என்றாள் உள்ளே இருந்தவள். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்.

"ஆற்றை சப்பாத்து இது?"

"என்ரதான். எடுத்துப்போடாதேங்கோ."

"தங்கச்சி, கதவைத் திறந்துவிட்டிட்டுச் சுவரைத் திருத்தச் சொல்லுறீரோ? குழாயைத் திறந்துவிட்டிட்டு வாளி ஒழுகுது எண்டு சொன்ன மாதிரியெல்லோ இருக்கு."

"வாளி உங்கட வேலை. குழாயை நான் பாக்கிறன்."

நான் சிரித்துவிட்டேன். என்னோடு அப்படிக் கதைக்கிற ஆட்கள் குறைவு.

சுவரைத் திருத்திக் கொடுத்தேன். கதவை அவள் தொடவிடவில்லை. அந்த அறையில் பதிவு செய்த அவளுடைய முதல் இசைத்தட்டை இப்போதும் போட்டுக் கேட்கலாம். மூன்றாவது பாட்டில் பஸ் நின்று புறப்படும். ஐந்தாவதில் கீழே சைக்கிள் கடைக்காரன் யாரையோ ஏசுகிறான். கடைசிப் பாட்டில் ஐஸ்கிரீம் வான் மணி. என் தொழிலுக்கே அவமானம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் புகழ்ந்து எழுதினார்கள். நம்முடைய சனத்துக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. நான் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். என் மனிசி இரண்டு பாட்டுக் கேட்டாள்.

"செத்தவீட்டில பாடுற மாதிரி இருக்கப்பா."

"உனக்கென்ன தெரியும்?"

"செத்தவீடு தெரியும்" என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

மூடின கதவு அந்தப் பாட்டுக்காரப் பிள்ளைக்கு ஆகாது. ரயிலில் இருக்க இடம் இருந்தாலும் வாசலோடுதான் நிற்பாள். தேத்தண்ணிக் கடையில் முதுகைக் கதவுக்குக் காட்டி இருக்க மாட்டாள். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் ஒரு முறை கண்டேன். உள்ளே பூசை நடக்கிறது, இவள் வெளிவாசல் அருகில் குளிரில் நின்று கும்பிடுகிறாள். "உள்ளுக்கை வாவன் பிள்ளை" என்றேன். "இஞ்சை நிண்டாலும் பிள்ளையாருக்குத் தெரியும்" என்றாள். கையில் போன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். சுவருக்குப் பூச்சுக் காயட்டும் என்று இருவரும் படியில் இருந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தோம்.

"எனக்குப் பத்து வயசிருக்கும் அண்ணை. பங்கருக்குள்ள இருப்பம். நானும் அக்காவும் சின்னதுகளும். உள்ளுக்கை இருந்தா வெளியில ஆர் கூப்பிட்டாலும் கேக்காது. ஷெல் நிண்டிட்டுது, வெளியால வாங்கோ எண்டு அம்மா கத்துவா, கேக்காது. அதால அக்கா மட்டும் வாசல்ல இருப்பா. ஒரு கால் வெளியில. ஏசினாலும் உள்ளுக்கு எடுக்க மாட்டா. ஆராவது ஒராள் கேட்டுக்கொண்டு இருக்கவேணும் எண்டு சொல்லுவா."

"கால்ல ஒண்டும் படேல்லையே?"

"படேல்லை." ரோல்ஸின் மிச்சத்தைப் பேப்பரில் சுற்றினாள். "அப்ப படேல்லை."

அவள் பன்னிரண்டு வயதில் மாமனோடு லண்டனுக்கு வந்துவிட்டாள். அக்கா அங்கேயே கலியாணம் முடித்து வன்னியில் இருந்தாள். அக்காளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் போன் எடுக்கிற நேரமெல்லாம் ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்பாளாம். இவளும் நின்ற இடத்தில் நின்று பாடுவாள். ஒருமுறை நான் கார் ஓட்ட, பக்கத்தில் இருந்து பாடினாள். சிக்னலில் நின்ற பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான்.

இது 2009 வரைக்கும் உள்ள கதை.

அந்த வருடத் தொடக்கத்தில் வன்னியில் என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே போன் லைன் எல்லாம் செத்துப்போயிற்று. சாட்டலைட் போன் வைத்திருக்கிற ஒராளைத் தேடிப் போய், வரிசையில் நின்று, ஓரிரு நிமிடம் கதைத்துவிட்டு நகர வேண்டும். இங்கே மணியடிக்கும், திரையில் நம்பர் விழாது. அந்த நேரம் எடுத்தால் எடுத்ததுதான். திருப்பி எடுக்க வழியில்லை. லண்டனில் எங்கள் சனம் குளிக்கும்போதும் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோன காலம் அது.

அந்த நேரத்தில்தான் அவள் ஆட்டப்பாட்டுப் போடப்போகிறாள் என்ற கதை வந்தது.

பாட்டுக் கம்பெனி ஒரு வெள்ளைப் பெடியனை அனுப்பியிருந்தது. வீட்டுக்குள்ளும் தொப்பி கழற்றாதவன். இனி மெதுவான பாட்டு விலைபோகாது, கிளப்பில் சனம் துள்ள வேண்டும், றேடியோவில் போட வேண்டும் என்றான். ஆர்கன் கிழவரை நிற்பாட்டினார்கள். அவருடைய இடத்தில் ஒரு லாப்டொப் வந்தது. 'டும் டும் டும் டும்' என்று ஒரே அடி, நிற்கவே நிற்காது. அவளுடைய குரலைத் துண்டு துண்டாக வெட்டி அந்த அடிக்கு மேல் ஒட்டப் போகிறார்களாம். அதனால் குரலுக்குப் பின்னால் ஒரு தூசிச் சத்தமும் இருக்கக் கூடாது.

ஈஸ்ட்ஹாம் பக்கம் கடைகளில் கதை அடிபட்டது. "அங்கை சனம் சாகுது, இவவுக்கு டிஸ்கோ கேக்குதாமோ?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். நான் அவளிடமே போய்க் கேட்டேன், எனக்கு ஒளித்துப் பேசத் தெரியாது.

"மெய்யே பிள்ளை, இந்த நேரத்தில ஏன் இந்தத் துள்ளல்?"

போனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மெதுவாப் பாடினா நடுவில இடைவெளி வரும் அண்ணை. அந்த இடைவெளியில எனக்கு என்னென்னவோ கேக்குது. இந்தப் பாட்டில மூச்செடுக்கத்தான் நேரம் கிடைக்கும். எனக்கு இப்ப அது போதும்."



அறை கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. வராமல் எங்கே போகும்? குரோய்டனில் ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய களஞ்சியம். ஒரு பக்கம் ட்ராம், மறுபக்கம் டாக்சிகளைக் கூப்பிட்டு அனுப்புகிற கந்தோர். தொப்பிக்காரன் இரண்டு கிழமைதான் தந்தான். நான் பத்து நாளில் முடித்தேன். சுவருக்குள் சுவர். நடுவில் சத்தம் குடிக்கிற கற்பஞ்சு. தளம் ரப்பரில் மிதக்கிறது. கதவை நாலு பேர் தூக்கி நிறுத்தினோம், ஆனால் ஒரு விரலால் தள்ளினால் சாத்துப்படும், அவ்வளவு அளவு. டாக்சிக்காரரின் வயர்லெஸ் இரைச்சல் மைக்குக்குள் வருகிறது என்று தொப்பிக்காரன் கடைசி நேரத்தில் சொன்னான். அதற்கென்ன, சுவர், முகடு, தளம், கதவு எல்லாவற்றுக்கும் செப்பு வலை அடித்தேன். பாடுகிறவளுக்கும் பதிவு செய்கிறவனுக்கும் நடுவில் இருந்த கண்ணாடியையும் விடவில்லை. இரைச்சல் போயிற்று. நான் கட்டின அறைகளில் அதுதான் முதல்தரம். இன்றைக்கும் சொல்வேன்.

அவள் பார்க்க வந்தாள். நான் கதவைச் சாத்திக் காட்டினேன். உள்ளே நின்றால் உங்கள் காதுக்குள்ளே இரத்தம் ஓடுவது கேட்கும்.

"எப்பிடி? வெளியில குண்டு விழுந்தாலும் உள்ளுக்கை தெரியாது" என்றேன்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து, வைத்தபடியே நின்றாள். பிறகு கேட்டாள்.

"அண்ணை, இதுக்குள்ள போன் வேலை செய்யுமோ?"

"ஓம். ஏன் செய்யாது?"

"வடிவாத் தெரியுமோ?"

"இதென்ன கேள்வி பிள்ளை, கட்டினவன் நானெல்லோ!"

முந்தின வியாழக்கிழமை அதே அறைக்குள் நின்று பலகைக் கடைக்குப் போன் எடுக்கப் பார்த்தபோது, என் போனில் ஒரு சிக்னல் கோடும் இல்லாமல் கிடந்தது. பழைய போன், பற்றரி சரியில்லை என்று நினைத்து வெளியில் வந்து எடுத்தேன். வயர்லெஸ் இரைச்சலை மறிக்கிற வலை போனையும் மறிக்கும் என்பது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியாது. அவளிடம் 'ஓம்' என்று சொன்ன அந்தக் கணத்தில் வியாழக்கிழமை எனக்கு ஞாபகம் வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். வந்தது. ஒரு நொடி வந்தது. போனைத் தூக்கிப் பார்த்தால் அவளுக்கு முன்னால் என் பேச்சுப் பிழையாகிவிடும் என்று அதைத் தள்ளிவிட்டேன்.

அந்தக் கிழமைதான் அக்கா கதைத்திருந்தாள். இடம் மாறப் போகிறார்கள், ஏலுமென்றால் அடுத்த கிழமை எடுக்கிறேன், போனைக் கையில் வைத்திரு என்றாளாம். அன்றைக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கவில்லையாம். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்திவிட்டார்கள்.

பதிவு அடுத்த செவ்வாய்க்கிழமை. ஏதும் சின்னத் திருத்தம் இருந்தால் செய்யலாம் என்று நானும் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், என் அறையை ஆட்கள் புகழ்வதைக் கேட்கப் போயிருந்தேன்.

அவள் வழக்கம்போல இடது சப்பாத்தைக் கழற்றிக் கதவில் செருகினாள். தொப்பிக்காரன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து இரண்டு கையையும் தலையில் வைத்தான். இவ்வளவு செலவழித்துக் கட்டியது சப்பாத்து வைக்கவா என்று மைக்கில் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

"சாத்தத்தான் வேணுமோ அண்ணை?"

"சாத்தினாத்தான் பிள்ளை அது அறை."

"போன்..."

"அதுதான் முன்னால வைச்சிருக்கிறியே. அடிச்சா வெளிச்சம் வரும், பாத்திட்டு எடு."

குனிந்து சப்பாத்தை எடுத்தாள். எடுத்து, போடவில்லை, தாங்கிக்குக் கீழே பக்கத்தில் வைத்தாள். கதவை நான்தான் தள்ளினேன். ஒரு விரலால்.

அடி தொடங்கியது. முதலில் அவளுக்கு ஏலவில்லை. பழைய பழக்கம், ஒவ்வொரு சொல்லையும் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள், அடி அவளை விட்டுவிட்டு ஓடுகிறது. நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ ஏதோ அறுந்தமாதிரி அவளும் ஓடத் தொடங்கினாள். மற்றச் சப்பாத்தையும் உதறிவிட்டாள். தோள் ஆடியது, தலைமயிர் அவிழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு துள்ளினாள். ஏழு வருடமாகப் பழக்கம், அவள் சிரித்துக்கொண்டு பாடி அன்றுதான் கண்டேன். தொப்பிக்காரன் மேசையில் அடித்துக் கூத்தாடினான். நானும் காலால் தாளம் போட்டேன். தாங்கியில் இருந்த போன் கறுப்பாகக் கிடந்தது. நான் இரண்டு மூன்று முறை அதைப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லைத்தானே, ஒருவரும் எடுக்கவில்லை என்று நினைத்தேன்.

மூன்று மணித்தியாலம். பின்னேரம் தேத்தண்ணிக்கு வெளியே வந்தாள். வேர்வையில் தோய்ந்து, முகமெல்லாம் சிவந்து, "அண்ணை, ஆடினதைப் பாத்தனீங்களே? வெக்கமாக் கிடக்கு" என்று சொல்லி முடிக்கவில்லை, கையில் போன் துடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. தவறிய அழைப்புகள். நம்பர் இல்லை. பிறகு ஒரு குரல்பதிவு.

வெறுங்காலோடு அறைக்கு வெளியே நடையில் நின்று கேட்டாள். திரும்பவும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"கேளுங்கோ அண்ணை."

இரைச்சல். ஆட்கள் கத்துகிற சத்தம். அதற்கு நடுவில் ஒரு பெண் குரல், அவசரமில்லாமல், அடுத்த வீட்டிலிருந்து கதைக்கிற மாதிரி. "மூண்டாந்தரமடி எடுக்கிறன். வேலையாக்கும். ஒண்டுமில்லை, அண்டைக்குப் பாட்டுக் கேக்கேல்லை, ஒரு வரி கேட்டிட்டுப் போவம் எண்டுதான். லைனில கனபேர் நிக்கினம். இந்தா, ஒரு நிமிசம் பொறுங்கோ தம்பி... எடுக்கிறாள் இல்லை. சரி, நீ பாடிக்கொண்டிரு. நான் போறன்." நம்முடைய ஆட்கள் 'போட்டுவாறன்', போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அந்த மனுசி 'போறன்' என்று சொல்லியிருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். தொப்பிக்காரன் இன்னும் ஒரே ஒரு வரி மிச்சம் என்று கூப்பிட்டான். அவள் உள்ளே போனாள். அந்த வரியைப் பாடினாள். பாட்டில் எல்லாரும் கை தூக்கி ஆடுகிற இடம் அதுதான்.

பிறகு போன் வரவில்லை. சித்திரை வந்தது, வைகாசி வந்தது. போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனம் குந்தியிருந்தபோது, அவளும் ஒரு கரையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். கிட்டப் போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு முகாம்களில் இருந்து பெயர்ப் பட்டியல்கள் வந்தன. அக்காளுடைய பெயரும் இல்லை, புருசனுடைய பெயரும் இல்லை.

இசைத்தட்டு அந்த வருடமே வெளிவந்தது. நல்ல ஓட்டம். உடுப்புக் கடையில், ஜிம்மில், டாக்சியில் எல்லாம் அந்தப் பாட்டுத்தான். என்னிடம் வேலை கேட்டு வந்தவர்களிடம், அது என் அறையில் பாடினது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ வேலை எடுத்தேன். பழைய இரசிகர்கள் அவள் மாறிவிட்டாள், ஆன்மா போய்விட்டது என்று எழுதினார்களாம். போட்டுப் பாருங்கள். குரலுக்குப் பின்னால் பஸ் இல்லை, ஐஸ்கிரீம் வான் இல்லை, ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ட்ராம் ஓடியது என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீர்கள்.

மார்கழியில் ஒருநாள் பகல் என் கந்தோருக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். மனிசி தந்துவிட்ட வடையை நீட்டினேன், கையில் எடுத்து வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தாள். பிறகு மேசையில் வைத்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் பிள்ளை."

"போன் வேலை செய்யுமோ எண்டு உங்களைக் கேட்டனான்."

"ஓம்."

"செய்யும் எண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"தெரிஞ்சோ சொன்னீங்கள்?"

பத்து மாதமாக அந்தக் கேள்விக்குப் பதில் கட்டி வைத்திருந்தேன். போன் கம்பெனி லைன் பிழை, களஞ்சியத்தின் பழைய இரும்பு முகடு, போன் பழசு. ஒவ்வொன்றும் நல்ல பதில். எஞ்சினியர்மாரும் தலையாட்டியிருப்பார்கள். அவள் பெரிய கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது பிள்ளை" என்றேன். "தெரியாமல்தான் சொன்னனான்."

தலையை ஆட்டினாள். கோபமில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அக்கா ஒரு வரி கேட்டவ. எந்தப் பாட்டில எண்டு சொல்லேல்லை" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

எழும்பினாள். இரண்டு காலிலும் சப்பாத்து இருந்தது. வாசலுக்குப் போய், ஒரு கணம் பிடியில் கை வைத்தபடி நின்றாள். பிறகு வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தினாள். முழுதாக.

என் கந்தோர்க் கதவு. நானே செய்து பொருத்தினது. அந்தப் பிள்ளை படியிறங்கிப் போன சத்தம் எனக்குக் கேட்கவில்லை.